ஸ்கேனில் கட்டிக்குக் கோடு போடும் ஏ.ஐ.: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுப்பதை நம் ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். அது கரண்ட் இல்லை என்று எத்தனை முறை விளக்கினாலும் அந்தப் பேச்சு மாறுவதில்லை, போகட்டும். அந்தக் கரண்ட் வைப்பதற்கு முன்னால், ஒருவர் கணினி முன் உட்கார்ந்து நோயாளியின் ஸ்கேனில் கட்டியைச் சுற்றிக் கோடு போட்டிருப்பார். அந்த வேலையில் இப்போது ஏ.ஐ.யும் சேர்ந்துகொண்டிருக்கிறது. நோயாளிகளும் வீட்டாரும், சில சமயம் இளம் மருத்துவர்களும் இதைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் கீழே.

கட்டியைச் சுற்றி எதற்குக் கோடு?

கதிர்வீச்சு இயந்திரத்துக்குக் கட்டி எது, நல்ல சதை எது என்று தெரியாது. எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு நேரம், எந்த வடிவத்தில் கதிர் பாய வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு தொடங்குவது இந்தக் கோட்டிலிருந்துதான். கோட்டுக்குள் இருப்பதற்கு முழு அளவு போகும். வெளியே இருப்பதற்கு எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பார்கள். கட்டியோடு சேர்த்துப் பக்கத்து உறுப்புகளுக்கும் கோடு உண்டு. கழுத்தில் கட்டி என்றால் தண்டுவடம், உமிழ்நீர்ச் சுரப்பி, குரல்வளை என எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். துறையில் இந்த வேலைக்குப் பெயர் கான்டூரிங்.

இதுவரை அதை யார், எப்படிப் போட்டு வந்தார்கள்?

கதிர்வீச்சு மருத்துவர்தான், மவுஸால். சி.டி. ஸ்கேன் என்பது ஒரே படம் இல்லை. ரொட்டியை நறுக்கியதுபோல ஸ்லைஸ் ஸ்லைஸாக வரும். 30 செ.மீ. நீளத்தை 3 மி.மீ. இடைவெளியில் எடுத்தால் 100 ஸ்லைஸ். கட்டி தெரியும் ஒவ்வொரு ஸ்லைஸிலும் ஓரத்தைப் பிடித்து வரைய வேண்டும், பிறகு உறுப்புகளுக்கும் அதேபோல. லண்டனின் யூ.சி.எல். (யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன்) மருத்துவமனையும் டீப்மைண்ட் என்ற ஏ.ஐ. நிறுவனமும் 2016-இல் இந்த வேலையில் ஏ.ஐ.யைப் பயன்படுத்த முயற்சி தொடங்கியபோது, தலை, கழுத்துப் புற்றுநோய் ஒருவருக்குக் கோடு போட 4 மணி நேரம்வரை ஆகிறது என்றார்கள். அதை ஒரு மணி நேரத்துக்குக் கொண்டுவருவது அவர்களின் அன்றைய ஆசை.

கோடு கொஞ்சம் தவறினால் என்ன ஆகிவிடும்?

உள்ளே தவறினால் கட்டியின் ஓரம் தப்பித்துவிடும். வெளியே தவறினால் நல்ல சதை வேகும். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான ஒரு பெரிய சர்வதேச ஆய்வின் சிகிச்சைத் திட்டங்களைப் பிற்பாடு உட்கார்ந்து ஆராய்ந்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்கத்திலேயே விதிப்படி திட்டம் அமைந்தவர்களில் இரண்டு ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 70 சதவீதம். திட்டத்தில் பெரிய குறை இருந்தவர்களில் 50 சதவீதம். குறை எல்லாமே கோட்டில் இல்லைதான், டோஸ் கணக்கிலும் இருந்தது. ஆனாலும் கதிர் அதே கதிர். திட்டம் மட்டும் சரியில்லாததால் இவ்வளவு வித்தியாசம்.

கட்டிதான் ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிகிறதே? அதைச் சுற்றி வரைய டாக்டர் எதற்கு, கணினி எதற்கு?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு நிதானமாகப் பதில் சொல்லத் தோன்றுகிறது.

ஒரு கட்டிக்கு ஒரு கோடு போதாது, மூன்று வேண்டும். முதலாவது, கண்ணுக்குத் தெரியும் கட்டி, இதை ஜி.டி.வி. என்பார்கள். இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாமல் சுற்றிலும் பரவியிருக்கக்கூடிய பகுதியையும் சேர்த்தது, சி.டி.வி. மூன்றாவது, நோயாளி தினமும் மேசையில் படுக்கும்போது சில மில்லிமீட்டர் நகர்வாரே, அதற்கு இடம் விட்டது, பி.டி.வி. 1993 முதல் உலகம் முழுக்க இதே பெயர்கள்தான்.

மூளையில் வரும் கிளியோபிளாஸ்டோமாவை எடுத்துக்கொள்வோம். கட்டியை ஒளிரச் செய்யும் மருந்து ஏற்றி எடுத்த எம்.ஆர்.ஐ.யில் வெள்ளை வளையமாக ஒரு கட்டி தெரிகிறது. அதோடு நிறுத்தினால் போதாது. அந்த வளையத்துக்கு வெளியேயும் புற்றணுக்கள் வேர்விட்டிருக்கும் என்பது அனுபவம். ஆகவே 1.5 முதல் 2 செ.மீ. தள்ளி இரண்டாவது கோடு. ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித் தள்ளிவிட முடியாது. மண்டையோட்டு எலும்பு குறுக்கே வந்தால் அங்கே நிற்க வேண்டும், ஏனென்றால் கட்டி அந்தப் பக்கம் எளிதில் போகாது. வெள்ளை நரம்பிழைகள் ஓடும் வழியில் போகும். இதெல்லாம் படத்தில் எழுதியிருக்கவில்லை, உடற்கூறும் நோயின் குணமும் தெரிந்தவர் தலையில் இருக்கிறது.

முதல் கோடுகூட அவ்வளவு எளிதில்லை. கட்டியின் ஓரம் வயல் வரப்புபோலத் தெளிவாக இருக்காது. ஆற்றங்கரை ஈரம்போல இருக்கும். ஈரம் எங்கே முடிந்து காய்ந்த மண் எங்கே தொடங்குகிறது என்று மூன்று பேரைக் கேட்டால் மூன்று இடத்தில் குச்சி நடுவார்கள். மூவருமே பொய் சொல்லவில்லை.

சரி, ஏ.ஐ. இதை எப்படிக் கற்றுக்கொள்கிறது?

மருத்துவர்கள் ஏற்கெனவே கோடு போட்ட பழைய ஸ்கேன்களைப் பார்த்து. ஒவ்வொரு புள்ளியிலும் "இது கட்டியா, இல்லையா" என்று ஒரு ஊகம் செய்யும். மருத்துவர் போட்ட கோட்டோடு ஒப்பிட்டு, தப்பின அளவுக்குத் தன் உள்கணக்குகளைத் திருத்திக்கொள்ளும். இதே வேலையை லட்சக்கணக்கான தடவை செய்யும்.

இதற்கு அடித்தளமான வடிவம் யூ-நெட். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ரோனபெர்கர், ஃபிஷர், ப்ராக்ஸ் மூவரும் 2015-இல் வெளியிட்டது. கட்டிக்காக எழுதியதில்லை, நுண்ணோக்கிப் படங்களில் உயிரணுக்களைப் பிரித்துக் காட்ட எழுதினார்கள். அதில் ஒரு சோதனைக்குப் பயிற்சிப் படங்கள் வெறும் 30தான். படத்தைப் படிப்படியாகச் சுருக்கி "மொத்தத்தில் இது என்ன" என்று பார்க்கும், பிறகு படிப்படியாக விரித்து "சரியாக எந்தப் புள்ளியில்" என்று சொல்லும். சுருக்கும்போது தொலைந்த நுணுக்கங்களை அந்தந்தப் படியிலேயே குறுக்கே எடுத்துக் கொடுக்கும் வழிகளும் உண்டு. இறங்கி ஏறும் அந்தப் படம் ஆங்கில யூ எழுத்துபோல இருப்பதால் அந்தப் பெயர்.

அதற்குப் பிறகு எத்தனையோ புது வடிவங்கள் வந்தன, ஒவ்வொன்றும் முந்தையதைவிட நன்று என்ற அறிவிப்போடு. ஹைடல்பெர்கில் உள்ள ஜெர்மன் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தார் என்.என்.யூ-நெட் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வடிவத்தில் பெரிய புதுமை இல்லை. கொடுக்கும் ஸ்கேனுக்கு ஏற்ப அளவு, இடைவெளி, பயிற்சி முறை எல்லாவற்றையும் தானே சரிப்படுத்திக்கொள்ளும், அவ்வளவுதான். 23 தரவுத் தொகுப்புகளில் சோதித்ததில் அந்தந்த வேலைக்கென்றே தனியாகச் செய்த மென்பொருள்களில் பெரும்பாலானவற்றைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. பாத்திரம் புதிதா என்பதைவிடப் பக்குவம் சரியா என்பதுதான் முக்கியம் என்று சமையல் தெரிந்தவர்கள் முன்பே சொல்லியிருப்பார்கள்.

மருத்துவர்களுக்குள்ளேயே கோடு மாறும் என்றால், எதைச் சரி என்று வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

நல்ல கேள்வி. பிராட்ஸ் என்ற போட்டியின் கதையைச் சொன்னால் இது விளங்கும்.

மூளைக் கட்டிக்குக் கோடு போடும் மென்பொருள்களை ஒரே தரவில் மோதவிட 2012-இல் தொடங்கிய போட்டி அது. ஒவ்வொரு நோயாளிக்கும் நான்கு விதமான எம்.ஆர்.ஐ. படங்கள் தருவார்கள். கட்டியைப் பிரிவு பிரிவாகக் குறிக்க வேண்டும்: உயிரோடு வளரும் பகுதி, நடுவில் செத்துப்போன பகுதி, சுற்றிலும் உள்ள வீக்கம். முதல் இரண்டு ஆண்டுப் போட்டிகளைப் பற்றி 2015-இல் வந்த கட்டுரையில் 20 மென்பொருள்கள், 65 ஸ்கேன்கள். ஒரே ஸ்கேனுக்கு நான்கு பேர்வரை கையால் வரைந்திருந்தார்கள். அந்த மனிதர்களின் கோடுகளுக்குள் பொருத்தம் எவ்வளவு தெரியுமா? பகுதியைப் பொறுத்து 74 முதல் 85 சதவீதம். மென்பொருள்களில் எதுவும் எல்லாப் பகுதிகளிலும் முதலிடம் பிடிக்கவில்லை. நல்ல மென்பொருள்கள் பலவற்றின் கோடுகளை ஓட்டெடுப்புபோலச் சேர்த்தபோது வந்த கோடு எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது.

இன்னொரு சின்ன விஷயம். அந்தத் தரவில் பகுதிகளுக்கு 1, 2, 3, 4 என்று எண் கொடுத்திருந்தார்கள். 2017 முதல் பல ஆண்டுகளுக்கு 1, 2, 4 மட்டும்தான். 3 காணாமல் போய்விட்டது. புதிதாக வரும் மாணவர்கள் கோப்பு கெட்டுவிட்டதோ என்று பயப்படுவார்கள். கெடவில்லை. மருந்தில் ஒளிராத கட்டிப் பகுதிக்கான எண் அது. அதை ஆளாளுக்குக் கூடுதலாக வரைந்துகொண்டிருந்ததால், செத்துப்போன பகுதியின் எண்ணான 1-உடன் சேர்த்துவிட்டார்கள். "சரியான விடை" என்று கணினிக்குக் கொடுப்பது வானத்திலிருந்து இறங்கியதில்லை. நான்கு பேர் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது. 2021 போட்டியில் 2,040 நோயாளிகளின் ஸ்கேன்கள் இருந்தன. அளவு பெருகியது, கோட்டின் தன்மை மாறவில்லை.

"90 சதவீதத்துக்கு மேல் துல்லியம்" என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, நம்பலாமா?

எதன் 90 சதவீதம் என்று கேட்டுவிட்டு நம்புங்கள். பெரும்பாலும் அது டைஸ் மதிப்பெண்ணாக இருக்கும். இரண்டு கோடுகளும் பொதுவாக அடைத்த பரப்பை இரட்டிப்பாக்கி, இரண்டின் மொத்தத்தால் வகுப்பது. அச்சாகப் பொருந்தினால் 1, தொடவே இல்லையென்றால் 0. லீ டைஸ் என்பவர் 1945-இல் எழுதியது. அவர் மருத்துவரே இல்லை, சூழலியல்காரர். இரண்டு உயிரினங்கள் ஒரே இடத்தில் எந்த அளவுக்குச் சேர்ந்து வாழ்கின்றன என்று அளக்க அவருக்கு அது தேவைப்பட்டது.

இந்த மதிப்பெண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. உருண்டையான கட்டி ஒன்று, குறுக்களவு 60 மி.மீ. ஏ.ஐ. சுற்றிலும் 1 மி.மீ. கூடுதலாக வரைந்துவிட்டது. டைஸ் 0.95, பிரமாதம். அதே 1 மி.மீ. தவறு 20 மி.மீ. கட்டியில் என்றால் 0.86. 10 மி.மீ. கட்டியில் 0.73. தவறு ஒன்றேதான், கட்டியின் அளவுதான் மாறியது. ஆகவே ஈரல் முழுவதற்கும் 0.95 வாங்கிய மென்பொருளைக் காட்டி, சிறு கட்டிக்கு 0.75 வாங்கியதை மட்டம் என்று சொல்லிவிட முடியாது. சராசரி என்பதும் ஏமாற்றும். பத்தில் ஒன்பதை அருமையாக வரைந்து, பத்தாவதில் கட்டியையே தவறவிட்டாலும் சராசரி பார்க்க நன்றாகவே இருக்கும். அந்தப் பத்தாவது ஆள் யாரோ ஒருவரின் அப்பா. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், இரண்டு கோடுகளும் மிக விலகிய இடத்தில் எத்தனை மி.மீ. தூரம் என்பதையும் சேர்த்துக் கேட்பார்கள்.

மருத்துவமனைகளில் இது நிஜமாகவே ஓடுகிறதா, இல்லை ஆராய்ச்சிதானா?

ஓடுகிறது. ஆனால் பெரும்பாலும் பக்கத்து உறுப்புகளுக்கு. கண், தண்டுவடம், நுரையீரல், இதயம், சிறுநீர்ப்பை: இவை ஆளுக்கு ஆள் ஏறக்குறைய ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் இருக்கும், கற்பிக்க எளிது. கட்டிக்கு அப்படி ஊர், பேர், உருவம் எதுவும் நிலையில்லை. பிரிட்டனில் எந்தச் சிகிச்சையைப் பயன்படுத்தலாம் என்று வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2023 செப்டம்பரில், கதிர்வீச்சுத் திட்டத்துக்குக் கோடு போட உதவும் ஒன்பது ஏ.ஐ. மென்பொருள்களை, மேலும் சான்றுகள் சேர்த்துக்கொண்டே பயன்படுத்தலாம் என்று சொன்னது. நிபந்தனை ஒன்று: ஒவ்வொரு கோட்டையும் பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்துத் திருத்திய பிறகே சிகிச்சைக்குப் போக வேண்டும்.

என் கருத்து: உறுப்புக் கோட்டை ஏ.ஐ. போடட்டும், மிச்சமாகும் நேரத்தை மருத்துவர் கட்டியின் கோட்டில் செலவழிக்கட்டும். இந்தப் பங்கீடு இப்போதைக்கு நியாயமாகப் படுகிறது.

எங்கெல்லாம் சறுக்கும்?

அறுவை சிகிச்சை முடிந்த மூளையில் அதிகம். கட்டியை எடுத்த பள்ளம், ரத்தக்கசிவு, ஆறும் தழும்பு எல்லாம் மருந்தில் ஒளிரும். அறுவைக்கு முந்தைய படங்களில் மட்டுமே கற்ற மென்பொருள் அதையும் கட்டி என்று நினைக்கும். பல்லில் உலோகம் அடைத்திருந்தால் சி.டி.யில் கோடு கோடாகக் கதிர்வீசியதுபோல வரும். நாக்குக் கட்டியின் ஓரம் அதில் மறைந்துவிடும். வேறு இடத்திலிருந்து பரவி வந்த மிகச் சிறிய கட்டிகளைத் தவறவிடலாம். ஸ்கேனர் மாறினாலே சிலவற்றுக்குத் தடுமாற்றம்.

இதைவிட எனக்குப் பயம் தருவது, அது தடுமாறும்போதும் கோடு அழகாக, வழவழவென்று வருவது. மனிதர் சந்தேகத்தோடு வரைந்தால் கை நடுங்கும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார், சீனியரைக் கூப்பிடுவார். மென்பொருள் தப்பையும் அதே தெம்போடு போடும்.

டாக்டர்தான் சரிபார்க்கிறாரே, அப்புறம் என்ன பயம்?

சரிபார்ப்பதும் வரைவதும் ஒன்றில்லை. வெற்றுப் படத்தைப் பார்த்து "எங்கே ஓரம்" என்று தேடும் கண் வேறு. போட்ட கோட்டைப் பார்த்து "சரிதானே" என்று தலையாட்டும் கண் வேறு. நாமே எழுதிய கடிதத்தில் எழுத்துப்பிழை தெரியாமல் போகிறதே, அதுபோல. சாயங்காலம் ஐந்து மணிக்கு, இன்னும் நான்கு நோயாளிகள் பாக்கி இருக்கும்போது, கண்ணுக்கு லட்சணமாக இருக்கும் கோட்டை அப்படியே விடத்தான் தோன்றும். கட்டியின் கோட்டை முதலில் தானே தோராயமாக வரைந்துவிட்டு, அதன்பின் ஏ.ஐ. கோட்டைத் திறந்து ஒப்பிடலாம். நேரம் கொஞ்சம் கூடும், ஆனால் எங்கே வித்தியாசமோ அங்கே யோசிக்க வைக்கும். கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு இதைக் கட்டாயமே ஆக்கலாம். கையால் வரையாமல் வளர்ந்தவர் நாளை எதை வைத்துத் திருத்துவார்?

கதிர்வீச்சுக்கு மட்டும்தானா இது?

இல்லை. கீமோ கொடுத்த பிறகு கட்டி சுருங்கியதா என்று அளக்கவும் உதவும். இப்போது வழக்கத்தில் உள்ள ரெசிஸ்ட் விதிப்படி கட்டியின் நீளமான குறுக்களவைத்தான் அளக்கிறார்கள், உடம்பு முழுக்க அதிகபட்சம் ஐந்து கட்டிகள். அளவுகளின் கூட்டுத்தொகை 20 சதவீதம், குறைந்தது 5 மி.மீ. கூடினால் நோய் முற்றியது என்று கணக்கு. உருண்டைக் கட்டியின் குறுக்களவு 20 சதவீதம் கூடினால் அதன் கன அளவு 73 சதவீதம் கூடியிருக்கும். முழுக் கட்டிக்கும் கோடு இருந்தால் கன அளவையே நேரடியாகப் பார்க்கலாம். கையால் செய்ய யாருக்கும் நேரமில்லை என்பதால்தான் ஸ்கேலை வைத்து அளந்துகொண்டிருந்தோம்.

வெளிநாட்டு ஸ்கேன்களில் கற்ற ஏ.ஐ. நம்மவர்களுக்குப் பொருந்துமா?

அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தலை, கழுத்துக் கட்டிகளுக்கான ஹெக்டர் என்ற போட்டியில் 2020-இல் கொடுத்த ஸ்கேன்கள் கனடா, சுவிட்சர்லாந்து மருத்துவமனைகளைச் சேர்ந்தவை, எல்லாம் தொண்டையின் நடுப்பகுதிக் கட்டிகள். நம் நாட்டு ஆண்களிடம் அதிகம் பார்ப்பது புகையிலையால் கன்னத்திலும் ஈறிலும் வரும் கட்டி. அதுவும் தாடை எலும்பை அரித்த பிறகு வருபவர்கள் ஏராளம். அது வேறு உருவம், வேறு பரவல் வழி. ஆப்பிரிக்காவில் இதே சிக்கல் உண்டு: பழைய ஸ்கேனர்கள், தாமதமாக வரும் நோயாளிகள். அதனால்தான் பிராட்ஸ் போட்டியில் 2023-இல் சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளின் ஸ்கேன்களுக்குத் தனிப் பிரிவு வைத்தார்கள். இங்கே வாங்கும் மருத்துவமனை முதல் வேலையாகத் தன் பழைய நோயாளிகளின் ஸ்கேன்களில் ஓட்டிப் பார்த்து, தன் மருத்துவர்களின் கோட்டோடு ஒப்பிட வேண்டும். விற்பவர் காட்டும் ஸ்லைடு அதற்கு ஈடாகாது.

என் ஸ்கேனை ஆராய்ச்சிக்குக் கேட்கிறார்கள். பெயரை எடுத்துவிட்டால் போதுமா?

தலை ஸ்கேன் என்றால் போதாது. தலை எம்.ஆர்.ஐ.யில் முகத்தின் தோலும் பதிவாகும்; அதை முப்பரிமாணமாக எழுப்பினால் முகமே வந்துவிடும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 84 பேரின் எம்.ஆர்.ஐ.யையும் அவர்களது புகைப்படங்களையும் முக அடையாள மென்பொருளிடம் கொடுத்தார்கள். 70 பேரைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது. 2019-இல் வெளியான முடிவு. பிராட்ஸ் தரவில் மண்டையோட்டையும் முகத்தையும் நீக்கி மூளையை மட்டுமே கொடுப்பார்கள். கையெழுத்துப் போடும் முன் "முகத்தை நீக்குவீர்களா" என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஸ்கேன் பிலிமைப் போனில் படமெடுத்துச் சாட் செயலியிடம் கேட்டால் கட்டி எல்லையைச் சொல்லுமா?

ஏதோ சொல்லும், அதை நம்ப வேண்டாம். பிலிமில் இருப்பது தேர்ந்தெடுத்த சில ஸ்லைஸ்கள். மேலே பேசிய மென்பொருள்கள் எல்லாமே முழு டிஜிட்டல் கோப்பைப் பார்ப்பவை. ரிப்போர்ட்டில் உள்ள வார்த்தைக்கு அர்த்தம் கேட்கலாம், அதுவரை சரி. டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பிலிமோடு ஸ்கேன் கோப்பு உள்ள குறுந்தட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

எங்கள் வீட்டில் ஒருவருக்கு அடுத்த வாரம் கதிர்வீச்சு தொடங்குகிறது. டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

"ஏ.ஐ. பயன்படுத்துகிறீர்களா" என்று மட்டும் கேட்டால் ஆம், இல்லை என்று பதில் வரும், பயனில்லை. "கட்டியின் கோட்டை யார் போட்டது, இன்னொரு டாக்டர் பார்த்தாரா" என்று கேளுங்கள். பல இடங்களில் வாராவாரம் எல்லாரும் கூடி ஒருவர் போட்ட கோட்டை மற்றவர்கள் பார்க்கும் வழக்கம் உண்டு. "பக்கத்தில் எந்த உறுப்பைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள்" என்றும் கேட்கலாம். நேரம் இருந்தால் திரையில் காட்டச் சொல்லுங்கள். கிளியோபிளாஸ்டோமாவுக்கு வழக்கமான 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்றால் 30 தடவை, வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம் அந்த மேசையில் படுக்கப் போகிறவர் அவர். சிவப்பாக ஒரு கோடு, அதைச் சுற்றி இன்னொன்று. எது கண்ணுக்குத் தெரியும் கட்டி, எது தெரியாததற்கு விட்ட இடம் என்று டாக்டர் விரல் வைத்துக் காட்டுவார்.